உப்பு ஜாடிக்கு வெளியே இருக்கும் உப்பு: கடையிலும் சமையலறையிலும் சோடியத்தைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு 160-ஐத் தாண்டியது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "சாப்பாட்டில் உப்பைக் குறையுங்கள்" என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா சாம்பாரில் உப்பைப் பாதியாக்கினார். ரசத்திலும் அப்படியே. இரண்டு நாள் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தட்டின் ஓரத்தில் ஊறுகாய் இரண்டு கரண்டி ஆகியிருந்தது. ஒரு அப்பளம் மூன்றாகியிருந்தது. மாலையில் காராசேவு டப்பா காலியாகும் வேகமும் கூடியது. உப்பு குறையவே இல்லை. சாம்பாரை விட்டு ஊறுகாய்க்கு இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். உட்கார்ந்து கணக்குப் போட்டபோது முன்பைவிடக் கொஞ்சம் கூடியே இருந்தது.

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் பிழை இது. கண்ணுக்குத் தெரியும் உப்பில் முதலில் கை வைக்கிறோம். குழம்பின் சுவை கெடுகிறது, வீட்டில் முணுமுணுப்பு எழுகிறது, ஒரே வாரத்தில் பழைய அளவுக்கே திரும்பிவிடுகிறோம். முதலில் குறைக்க வேண்டியது குறைத்தாலும் யாருக்கும் தெரியாத உப்பை. குழம்பு கடைசியில் வரட்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

எவ்வளவு வரை போகலாம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் கீழே இருக்கச் சொல்கிறது. உப்பாகக் கணக்கிட்டால் 5 கிராம், தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. பெங்களூருவில் இருக்கும் தேசிய நோய்த் தகவலியல் மற்றும் ஆராய்ச்சி மையம் நாடு தழுவிய மாதிரிகளைக் கொண்டு செய்த கணக்கீட்டில், இந்தியர் ஒருவர் சராசரியாக நாளொன்றுக்கு 8 கிராம் உப்பு உண்கிறார் என்று தெரிய வந்தது. இந்த 5 கிராமில் ஊறுகாய், பிஸ்கட், இட்லி, நாம் உப்பு என்று நினைக்காத சோடா உப்பு வரை எல்லாமே அடங்க வேண்டும்.

படி 1: உப்பு பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்

வேறு எதையும் மாற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். அடுத்த ஒரு கிலோ உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும் நாளன்று அதன் மேல் பேனாவால் தேதியை எழுதிவிடுங்கள். தீரும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தை நாட்களால் வகுத்து, வருவதை வீட்டில் சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எத்தனை கிராம் என்று கிடைத்துவிடும்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். முதல் பாக்கெட் 27 நாளில் தீர்ந்தது. நாளொன்றுக்கு 37 கிராம். ஆளுக்கு 9 கிராமுக்கு மேல். "எல்லாம் கைப்பதம்தான், அதிகமாகப் போடுவதே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா இந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. கைப்பதத்தில் தவறில்லை. அது நாக்கைப் பின்பற்றுகிறது. நாக்குக்குப் பழகியது அதிகமாக இருந்தால் கையும் அதிகமாகவே அள்ளும்.

மீன் கழுவ, பூச்சி போகக் காலிபிளவரை ஊறவைக்க, பாத்திரம் தேய்க்க எடுக்கும் உப்பைத் தனி டப்பாவில் வையுங்கள். இல்லாவிட்டால் கணக்கு தப்பாகும். இந்த எண்ணில் கடையில் வாங்கும் பண்டங்களின் உப்பு சேரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 2: மளிகை அலமாரியை ஒருநாள் முழுதாகக் கீழே இறக்குங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பாக்கெட்டில் வந்த எல்லாவற்றையும் மேசைமேல் வைத்து, பின்பக்கம் திருப்பி, ஊட்டச்சத்து அட்டவணையில் சோடியம் என்ற வரியைத் தேடுங்கள். இந்தியாவில் பாக்கெட் உணவுகளின் அட்டவணையில் 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிக்கு எவ்வளவு சோடியம் என்று மில்லிகிராமில் அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

ஒரே ஒரு சமன்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 400 மி.கி. சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. மீதியெல்லாம் இதிலிருந்து வந்துவிடும்.

எங்கள் அலமாரியில் இருந்த உடனடி நூடுல்ஸ் பாக்கெட்டை எடுத்துக்கொள்கிறேன். 100 கிராமுக்கு 1,200 மி.கி. சோடியம். பாக்கெட்டின் எடை 70 கிராம். அப்படியானால் ஒரு பாக்கெட்டில் 840 மி.கி.; உப்பாக 2 கிராமுக்குச் சற்று மேல். பள்ளி விட்டு வரும் பிள்ளை பசியில் இரண்டு பாக்கெட் சாப்பிட்டால் ஒரு பெரியவருக்கான நாள் அளவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்த ஒரு கிண்ணத்தில் முடிந்துபோகிறது. 'ஒரு பரிமாறலுக்கு' என்று பக்கத்துப் பத்தியில் சிறிய எண் போட்டிருப்பார்கள். பரிமாறல் என்பது எத்தனை கிராம் என்று பார்க்காமல் அதை நம்பாதீர்கள். மிக்சர் பாக்கெட்டில் 20 கிராம் ஒரு பரிமாறல் என்று இருந்தால், நீங்கள் கிண்ணத்தில் போட்டுக்கொள்வது 20 கிராம்தானா என்று ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள்.

எது அதிகம், எது குறைவு? 'குறைந்த சோடியம்' என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டுமானால் 100 கிராம் திட உணவில் 120 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது. மறுமுனையில், பிரிட்டனில் பாக்கெட்டின் முன்பக்கம் அச்சிடும் வண்ணக் குறியீட்டில் 100 கிராமுக்கு ஒன்றரை கிராம் உப்பைத் தாண்டினால் சிவப்பு. சோடியமாக 600 மி.கி. நான் கடையில் இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொள்கிறேன். 120-க்குக் கீழ் என்றால் யோசிக்க வேண்டியதில்லை. 600-க்கு மேல் என்றால், அது ஊறுகாய்போலத் தொட்டுக்கொள்ளும் பண்டமா, வயிறு நிறையச் சாப்பிடும் பண்டமா என்று கேட்டுக்கொள்வேன். இரண்டாவது வகையானால் திரும்ப அடுக்கில் வைத்துவிடுவேன்.

அட்டவணைக்கு மேலே உள்ள சேர்பொருள் பட்டியலையும் படியுங்கள். எடை அதிகமானது முதலில், குறைவானது கடைசியில் என்ற வரிசையில் அது அச்சாகியிருக்கும். சோடியம் அதில் பல பெயர்களில் வரும்: சோடியம் பைகார்பனேட், அதாவது சோடா உப்பு (500), மோனோசோடியம் குளூட்டமேட் (621), சோடியம் பென்சோயேட் (211), சோடியம் நைட்ரைட் (250), சுவை கூட்டும் 627, 631, 635. இந்த எண்களைக் கண்டு பலர் பதறுகிறார்கள். பென்சோயேட் போன்ற பதப்படுத்திகள் சேர்வது மிகச் சிறிய அளவில்தான். அவற்றால் வரும் சோடியமும் சொற்பம். கணக்கை ஏற்றுபவை சாதாரண உப்பும் சோடா உப்பும்தான். 621-ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. எடைக்கு எடை உப்பில் 39 சதவீதம் சோடியம். 621-ல் 12 சதவீதம்தான். அதைச் சேர்த்து உப்பைக் குறைத்தால் மொத்தச் சோடியம் குறையும். பாக்கெட் பண்டங்களில் பெரும்பாலும் உப்பையும் குறைக்காமல் அதையும் சேர்க்கிறார்கள். ஆகவே பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல் சோடியம் வரியில் உள்ள எண்ணைப் பாருங்கள்.

படி 3: கடையில் எதை மாற்றுவது

எங்கள் அலமாரியில் வியப்பளித்தவை, நாங்கள் உப்புப் பண்டம் என்றே நினைக்காதவை.

இஞ்சி பூண்டு விழுது. கடையில் வாங்கும் புட்டியில் உப்பு நிறையச் சேர்ந்திருக்கும். அது கெடாமல் நிற்பதே உப்பாலும் அமிலத்தாலும்தான். பிரியாணிக்கு மூன்று கரண்டி போட்டுவிட்டு, அதன்பின் வழக்கமான உப்பையும் போடுகிறோம். கால் கிலோ இஞ்சியையும் கால் கிலோ பூண்டையும் உப்பில்லாமல் அரைத்து, கொஞ்சம் எண்ணெய் கலந்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிடுங்கள். வேண்டியபோது ஒரு கட்டியை எடுத்துப் போடலாம். ஒரு மாதத்துக்குக் கவலையில்லை.

மசாலாப் பொடிகள். தனி மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூளில் உப்பு இருக்காது. கலவைப் பொடிகளில்தான் இருக்கும்: சிக்கன் மசாலா, பிரியாணி மசாலா, சில்லி மசாலா, சில சாம்பார்ப் பொடிகள், ரசப்பொடிகள். சேர்பொருள் பட்டியலில் முதல் மூன்று இடங்களுக்குள் உப்பு வந்தால் மசாலா விலைக்கு உப்பை வாங்குகிறீர்கள் என்று பொருள். நானென்றால் வாங்க மாட்டேன். அம்மாவைப்போல மிளகாய், மல்லி, துவரம் பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம் வறுத்து மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்வதைவிட நல்ல வழி இல்லை.

புளி. இது பலருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் மறந்துபோயிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை புளி வாங்கி, கொட்டை நீக்கி, பானையில் அடுக்கும்போது இடையிடையே கல்லுப்பு தூவுவது நம் வழக்கம். பூச்சி அண்டாமல் இருக்கத்தான். அந்தப் புளியைக் கரைக்கும்போது உப்பும் சேர்ந்தே கரைகிறது. கடையில் வாங்கும் கொட்டையில்லாப் புளி சிலவற்றிலும் உப்பு உண்டு. கரைத்த தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, குழம்புக்கு உப்பு போடுங்கள்.

ரொட்டி, பன், ரஸ்க், பிஸ்கட். ரொட்டியில் 100 கிராமுக்கு 400 முதல் 500 மி.கி. வரை சோடியம் இருப்பது சாதாரணம். இரண்டு துண்டில் அரை கிராமுக்கு மேல் உப்பு. அதன்மேல் உப்பு வெண்ணெயும் சீஸ் துண்டும் வைத்தால் ஒரு கிராமைத் தாண்டிவிடும். இனிப்பு பிஸ்கட்டிலும் உப்பும் சோடாவும் உண்டு. இனிப்பு மறைத்துவிடுவதால் நாக்குக்குத் தெரிவதில்லை. உப்பு சேர்க்காத வெண்ணெய் கடையில் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

தக்காளி சாஸ், சோயா சாஸ் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் சுமார் 900 மி.கி. சோடியம் இருக்கிறது. வீட்டில் ஃபிரைடு ரைஸ் செய்கிறவர்கள் சாஸ் ஊற்றிய பிறகு உப்பு ஜாடியைத் தொட வேண்டாம்.

முறுக்கு, மிக்சர், காராசேவு, சிப்ஸ் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இங்கே என் யோசனை ஒன்றுதான்: பெரிய பாக்கெட் வாங்காதீர்கள். வீட்டில் இருந்தால் கை போகும். வேர்க்கடலையைப் பச்சையாக வாங்கி, வெறும் வாணலியில் வறுத்து, சூடாக இருக்கும்போதே மிளகுத்தூளும் கறிவேப்பிலையும் போட்டுப் பிரட்டி டப்பாவில் வைத்தோம். அப்பாவின் கை இப்போது அங்கே போகிறது.

படி 4: அடுப்படியில் ஒளிந்திருக்கும் நான்கு

உப்பு வீட்டுக்குள் வருவது கடைப் பாக்கெட்டால் மட்டுமல்ல. நம் கையாலேயே செய்து, கணக்கில் வைக்காமல் விடுவதும் நிறைய. இதற்கு நான் அதிக இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் தமிழ் வீட்டுச் சமையலில் பெரும் பங்கு இங்கேதான் இருக்கிறது.

முதலாவது, இட்லி மாவு. எங்கள் வீட்டில் ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து. அம்மா அள்ளிப் போடும் கல்லுப்பைத் தராசில் வைத்தேன்: 30 கிராம். அந்த மாவில் சுமார் 60 இட்லி வருகிறது. ஒரு இட்லிக்கு அரை கிராம் உப்பு. நான்கு இட்லி சாப்பிட்டால், சட்னி சாம்பாரைத் தொடுவதற்கு முன்பே 2 கிராம் உள்ளே போயிருக்கும். காலையில் இட்லி, இரவில் தோசை என்றால் நாள் அளவில் முக்கால் பங்கு அதிலேயே தீர்ந்துவிடும். இட்லியில் யாரும் உப்பைத் தேடுவதில்லை, சட்னியில்தான் தேடுகிறார்கள். ஆகவே நாங்கள் முதலில் கை வைத்தது இட்லி மாவில். 30-ஐ 25 ஆக்கி, அடுத்த முறை 20 ஆக்கினோம். யாருக்கும் தெரியவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். உப்பு மாவின் புளிப்பைச் சற்றுத் தாமதப்படுத்தும். சித்திரை வைகாசி வெயிலில் உப்பைக் குறைத்த மாவு வேகமாகப் புளித்துவிடும். பொங்கியதும் உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள், அல்லது மாவை உப்பில்லாமலே புளிக்க வைத்து, அன்றன்றைக்கு எடுக்கும் மாவில் மட்டும் அளந்து போடுங்கள். இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. கடையில் பாக்கெட் மாவு வாங்குகிறவர்கள் அதில் ஏற்கெனவே உப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பழக்கத்தில் மறுபடி உப்பு போட்டுக் கரிக்கும் தோசையைச் சாப்பிட்ட அனுபவம் பல வீடுகளில் இருக்கும்.

இரண்டாவது, சோடா உப்பு. பெயரிலேயே உப்பு இருந்தும் அதை நாம் கணக்கில் எடுப்பதில்லை, கரிப்பதில்லை என்பதால்தான். ஒரு தேக்கரண்டி சோடா உப்பில் ஏறத்தாழ 1,250 மி.கி. சோடியம். கொண்டைக்கடலை வேகவைக்க அரைத் தேக்கரண்டி, பஜ்ஜி மாவில் ஒரு சிட்டிகை, ஆப்பத்தில் ஒரு சிட்டிகை என்று போகிறது. கொண்டைக்கடலையை இரவு முழுக்க, பத்து மணி நேரமாவது ஊறவைத்து, குக்கரில் கூடுதலாக இரண்டு மூன்று விசில் விட்டால் சோடா இல்லாமலே வெண்ணெய்போல் வேகும். பழைய கடலையானால் ஊறவைத்த தண்ணீரை மாற்றி இன்னும் சில மணி நேரம் விடுங்கள்.

மூன்றாவது, ஊறுகாயும் அப்பளமும். ஒரு கிலோ மாங்காய்க்கு 150 முதல் 200 கிராம் உப்பு போட்டால்தான் ஊறுகாய் ஆண்டு முழுக்க நிற்கும். எண்ணெய், மிளகாய் எல்லாம் சேர்ந்த பிறகும் ஒரு தேக்கரண்டி ஊறுகாயில் ஏறத்தாழ ஒரு கிராம் உப்பு இருக்கும். இதைக் குறைத்துப் போட்டால் பூஞ்சை பிடிக்கும். எனவே ஊறுகாயில் உப்பைக் குறைக்கப் பார்க்காதீர்கள், தட்டில் அளவைக் குறையுங்கள். ஊறுகாய் ஜாடிக்குள் இருந்த பெரிய கரண்டியை எடுத்துவிட்டு, உப்பு மிளகுக்கு வைக்கும் மிகச் சிறிய கரண்டியைப் போட்டோம். ஜாடியைச் சாப்பிடும் இடத்துக்குக் கொண்டுவருவதை நிறுத்தினோம். தயிர்சாதத்துக்குப் பச்சை மாங்காயையோ நெல்லிக்காயையோ பொடியாக நறுக்கி, மிளகாய்த்தூளும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, கடுகு பெருங்காயம் தாளித்து அன்றைக்கே தீர்த்துவிடும் திடீர் ஊறுகாய் செய்கிறோம். அது நிற்க வேண்டியதில்லை என்பதால் நிறைய உப்பு தேவைப்படுவதும் இல்லை.

அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது. அதுவும் சோடியம்தான். நாங்கள் வாங்கும் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 1,700 மி.கி. என்று இருந்தது. எட்டு கிராம் அப்பளம் மூன்று என்றால் 400 மி.கி., அதாவது ஒரு கிராம் உப்பு. சுட்டுச் சாப்பிட்டால் எண்ணெய் குறையும். உப்பு துளியும் குறையாது. வாரத்தில் இரண்டு நாள், ஆளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டோம்.

நான்காவது, வற்றலும் கருவாடும். சுண்டைக்காய், மணத்தக்காளி, மோர்மிளகாய் எல்லாம் உப்பு மோரில் ஊறிக் காய்ந்தவை. வற்றல் குழம்பு வைக்கும்போது சுண்டை வற்றலை வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு வடித்து, துணியில் ஒற்றி உலர்த்தியபின் வறுங்கள். கருவாட்டை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். உப்பின் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். இரண்டுக்கும் ஒரே விதி: குழம்பு கொதித்து இறக்கும் நேரம்வரை உப்பு போடாதீர்கள். பல நாள் போட வேண்டிய தேவையே வராது. மோர்மிளகாயை மட்டும் கழுவி வறுக்க முடியாது, நசநசவென்று ஆகிவிடும். அதை எண்ணிச் சாப்பிடுவதுதான் வழி.

படி 5: இப்போது குழம்புக்கு வரலாம்

மேலே சொன்னவற்றை ஒரு மாதம் செய்தபிறகு இதைத் தொடங்குங்கள். கைப்பதத்தை விட்டு அளவுக் கரண்டிக்கு மாறுங்கள். ஜாடிக்குள்ளேயே ஒரு தேக்கரண்டியைப் போட்டு வைத்தால் மறக்காது. நான்கு பேருக்கான சாம்பாருக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் இரண்டு வாரம் ஒன்றே முக்கால், பிறகு ஒன்றரை. ஒரேயடியாகப் பாதியாக்கினால் அப்பாவுக்கு நடந்ததுதான் நடக்கும். நாக்கு சில வாரங்களில் குறைந்த உப்புக்குப் பழகிக்கொள்கிறது. அந்த அவகாசத்தை அதற்குக் கொடுக்க வேண்டும்.

பருப்பை உப்பில்லாமல் வேகவையுங்கள். பொரியலுக்குக் காய் வதங்கி, தேங்காய் போடும் நேரத்தில் உப்பைத் தூவுங்கள். காயின் உள்ளே ஊறிய உப்பைவிட மேலே ஒட்டியிருக்கும் உப்பு நாக்குக்கு உடனே தெரியும். ஆகவே குறைவாகப் போட்டாலும் சப்பென்று இருக்காது. கீரை, முட்டைக்கோஸ் போன்றவை வதங்கிச் சுருங்கும். பாத்திரம் நிறைந்திருக்கும்போது கண்ணால் பார்த்து உப்பு போட்டால் கடைசியில் கரிக்கும். ருசி பார்ப்பது கொதிக்கக் கொதிக்க வேண்டாம். ஒரு கரண்டியை எடுத்து ஆறவிட்டுப் பாருங்கள்.

புளிப்பும் காரமும் மணமும் உப்பின் இடத்தை ஓரளவு நிரப்பும். ரசத்தில் மிளகு சீரகத்தைப் புதிதாகத் தட்டிப் போடுங்கள், இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். கூட்டில் தேங்காயோடு ஒரு பச்சை மிளகாய் அதிகம் அரையுங்கள். சுண்டலுக்குப் பச்சை மாங்காய்த் துருவல் போட்டால் உப்பு பாதி போதும். நல்லெண்ணெயில் கறிவேப்பிலையும் பெருங்காயமும் பொரியும் தாளிப்பைக் கடைசியில் கொட்டுவது என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட உதவுகிறது. சாதம் குழம்பு என்று ஏழெட்டுப் பதார்த்தம் இருக்கும் தட்டில் எல்லாவற்றிலும் உப்பு தூக்கலாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றில் சரியாக இருந்தால், பிசைந்து சாப்பிடும்போது மற்றவற்றை அது தாங்கிக்கொள்ளும். எங்கள் வீட்டில் தயிரிலும் கூட்டிலும் உப்பு போடுவதை அறவே நிறுத்திவிட்டோம்.

உப்பு அதிகமாகிவிட்டால் உருளைக்கிழங்கைப் போடுங்கள், அது உப்பை உறிஞ்சிவிடும் என்பார்கள். கிழங்கு உறிஞ்சுவது உப்பு கரைந்த தண்ணீரைத்தான். மீதிக் குழம்பின் கரிப்பு அப்படியேதான் இருக்கும். உப்பில்லாத பருப்புத் தண்ணீரோ தேங்காய்ப் பாலோ சேர்த்து அளவைக் கூட்டுவது ஒன்றே வழி.

ஒரு நாளை எப்படிப் பங்கிடுவது என்று காட்ட எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். காலையில் மூன்று இட்லி, இப்போதைய அளவில் 1 கிராம், சட்னி 0.4. மதியம் சாம்பார் 0.8, ரசம் 0.5, பொரியல் 0.4, மோரில் 0.3. இரவு தோசையும் சட்னியும் சேர்த்து 1 கிராம். மொத்தம் 4.4. மீதி 0.6 கிராமில் சிறு கரண்டி ஊறுகாயோ இரண்டு ரொட்டித் துண்டோ அடங்கும். இரண்டும் சேர்ந்து அடங்காது. இப்படி எழுதிப் பார்த்த பிறகுதான் எதை விடுவது என்பது எங்களுக்குச் சண்டையில்லாமல் தெளிவானது.

படி 6: எந்த உப்பு?

கல்லுப்பு, தூள் உப்பு, இளஞ்சிவப்பு உப்பு, இந்துப்பு என்ற பெயரில் விற்கும் பாறை உப்பு, கறுப்பு உப்பு எல்லாமே பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். விலை கூடினால் சோடியம் குறையாது. கல்லுப்பில் ஒரே ஒரு வசதி உண்டு: பரல்களுக்கு இடையே காற்று இருப்பதால் ஒரு கரண்டியில் எடை சற்றுக் குறைவாகப் பிடிக்கும். பாறை உப்பிலும் கறுப்பு உப்பிலும் பெரும்பாலும் அயோடின் சேர்த்திருப்பதில்லை. உப்பைக் குறைக்கும் வீட்டில், போடும் கொஞ்சம் உப்பும் அயோடின் உப்பாக இருக்க வேண்டும். கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் இருந்தால் இன்னும் முக்கியம்.

சோடியம் குறைந்த உப்பு என்பது வேறு. அதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். 2014-ல் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் அம்மா உப்பு மூன்று வகைகளில் வந்தபோது அதில் ஒன்று இதுதான். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், 75 சதவீதம் சோடியம் குளோரைடும் 25 சதவீதம் பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2025-ல் உலக சுகாதார நிறுவனமும் இவ்வகை உப்பைப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கருவுற்றவர்கள், குழந்தைகள் ஆகியோரை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை. பழுதுபட்ட சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ரத்தக் கொதிப்புக்குத் தரும் சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடலில் தேக்கி வைப்பவை. அப்பா சாப்பிடுவது அந்த வகை. அதனால் எங்கள் வீட்டில் இந்த உப்பை வாங்கவில்லை. நீங்கள் மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

படி 7: மருந்துப் பெட்டியும் மருத்துவரும்

தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகளிலும், வயிற்று எரிச்சலுக்குக் கலக்கிக் குடிக்கும் பொடிகளிலும் நுரையைக் கிளப்புவது பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட். விருந்து சாப்பிட்ட பிறகு தினமும் ஒரு பாக்கெட் கலக்கிக் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் கணக்கில் எழுதுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தானால் நீங்களாக நிறுத்தாமல், நுரைக்காத வகை உண்டா என்று கேளுங்கள்.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் உணவில் உப்பே சேர்க்க வேண்டாம். வெயிலில் உடல் உழைப்புச் செய்கிறவர்கள், சிறுநீர் பிரியும் மாத்திரை எடுக்கும் முதியவர்கள் ஆகியோர் உப்பை மிகவும் இறக்கினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைசுற்றலும் குழப்பமும் வரலாம். இவர்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு கிலோ பாக்கெட் 46 நாள் வருகிறது. ஆளுக்கு ஐந்தரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. இன்னும் இறங்க வேண்டும். அப்பாவின் அழுத்தத்தை ஞாயிறுதோறும் காலையில் ஐந்து நிமிடம் உட்கார வைத்து அளந்து, உப்பு பாக்கெட்டின் தேதிக்குப் பக்கத்திலேயே நாட்காட்டியில் எழுதுகிறோம். எண்கள் இறங்கியதைக் கண்டு மாத்திரையை விட்டுவிடலாமா என்று அவரே ஒருநாள் கேட்டார். நாட்காட்டித் தாள்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனோம். அவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார், நிறுத்தவில்லை.